பாமினிக்குள் அகப்பட்ட கல்வெட்டுகள்

2025 ஒக்டோபர் மாதத்தின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து எனக்கொரு தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவர் நகரின் ஒடுங்கிய ஒழுங்கையொன்றில் நாற்பது வருடங்களுக்கு மேலாகச் சிறியதோர் அச்சகம் நடத்திவருபவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாக இருந்தபோது, எங்களுடைய சஞ்சிகையை ஈய எழுத்தில் கோர்த்து அச்சிட்டுத் தந்தவர். அக்காலத்தில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. அவருடைய அச்சியந்திரம் காலால் மிதித்து ஓட்டப்படுவது. ஆகவே எங்கள் சஞ்சிகை தாமதமானதற்கு மின்சாரம் ஒருபோதும் காரணமாக இருந்ததில்லை. காகிதந்தான் காரணம்.

"தம்பி, என்ரை கொம்பியூட்டர் எல்லாம் காலாவதியாப் போச்சுதாம். ஐஞ்சையும் எறிஞ்சுபோட்டுப் புதுசு வாங்கச் சொல்லுறாங்கள். நீர் ஒருக்கா வந்து பார்த்துச் சொல்லும்" என்றார்.

நான் கணினிப் பொறியியலாளன் அல்லன். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் கொழும்பில் பத்திரிகையொன்றில் உதவி ஆசிரியனாகச் சேர்ந்தபோது, பேஜ்மேக்கரில் பக்கம் கட்டப் பழகிக்கொண்டவன். பழுதடைந்த பிளொப்பியிலிருந்து கட்டுரையை மீட்டெடுக்க இரவிரவாக விழித்திருந்த அனுபவமும் உண்டு. இவ்வளவுதான் என் தகுதி. ஆயினும் நண்பர்கள் மத்தியில் 'கணனி தெரிந்தவன்' என்ற பெயர் அன்றே ஒட்டிக்கொண்டுவிட்டது. இலங்கையில் நாங்கள் அப்போது 'கணனி' என்றே எழுதினோம். பிறகு அது 'கணினி' ஆகியது. பெயர் திருந்தியதே தவிர என் தகுதி கூடவில்லை.

அச்சக முதலாளிக்கு வந்த அச்சத்திற்குக் காரணம் இருந்தது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்கு மாறவேண்டுமானால் இன்ரெல் செயலி எட்டாம் தலைமுறையினதாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்கவேண்டும், பாதுகாப்புச் சில்லு ஒன்றும் இருக்கவேண்டும் என்பது விதி. இந்த விதியால் உலகெங்கும் நல்லநிலையில் ஓடிக்கொண்டிருந்த கணினிகள் ஒரே நாளில் 'பழசு' ஆகின. எங்கள் முதலாளியின் முன்மேசையில் இருந்த இரண்டும் அவ்வகையானவையே.

அடுத்த வாரம் யாழ்ப்பாணம் போனேன். முன்மேசைக் கணினிகளைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. இரண்டுக்கும் பழைய சுழலும் வன்தட்டைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள், நினைவகத்தை எட்டு ஜிகாபைட் ஆக்குங்கள், லினக்ஸ் மின்ட் ஏற்றிக் கணக்கு, கடிதம், மின்னஞ்சல் ஆகியவற்றுக்குப் பாவியுங்கள் என்றேன். கோரல்ட்ரோ லினக்ஸில் ஓடாது என்பதால் வடிவமைப்பு வேலைக்குப் புதிய கணினி ஒன்று வாங்கித்தான் ஆகவேண்டும். ஐந்துக்குப் பதிலாக ஒன்று. அவருக்குப் பாதிச் சுமை இறங்கிவிட்டது. மூன்றாவது, விண்டோஸ் எக்ஸ்பி ஏற்றப்பட்டது. அதற்கான ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. அதை இணையத்திலிருந்து துண்டித்துவிடும்படியும், ஆனால் எறியவேண்டாம் என்றும் சொன்னேன். காரணம் பின்னர் வரும்.

மாடிப்படியின் கீழே, பழைய கலண்டர் தாள்களால் மூடப்பட்டபடி மற்ற இரண்டும் இருந்தன. விண்டோஸ் 98.

"உது ரெண்டையும் பழைய இரும்புக்காரனுக்குக் குடுக்கச் சொல்லி மகன் கனடாவிலை இருந்து சொல்லுறான். ஆனா அதுக்குள்ளைதானே தம்பி என்ரை கல்வெட்டெல்லாம் கிடக்கு."

தமிழகத்து வாசகர்கள் இங்கே சற்று நிற்கவேண்டும். கல்வெட்டு என்றதும் அவர்களுக்குக் கோயில் மதிலும் சோழர் எழுத்தும் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்பது ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் கிரியையின்போது வந்தவர்களுக்கு வழங்கப்படும் சிறுநூல். இப்போது 'நினைவு மலர்' என்கிறார்கள். முதற்பக்கத்தில் படம், அதன் கீழே இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா. பின்னர் தேவார திருவாசகங்கள், இறந்தவரின் வரலாறு, மக்களும் மருமக்களும் பேரர்களும் சொல்வதாக அமைந்த புலம்பற் பாக்கள். முடிவில் வம்சாவளி அட்டவணை.

மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது ஒரு சடங்கு நூல். ஆனால் எங்கள் சமூக வரலாற்றை எழுத முனைபவருக்கு இதனைவிட நெருக்கமான ஆவணம் கிடையாது. எந்த ஊரவர் எந்த ஊரில் பெண்ணெடுத்தார், யார் மலாயாவுக்குப் போய்ப் புகையிரதப் பகுதியில் வேலை பார்த்தார், எந்தக் குளத்துக் காணிக்கு எப்போது குடியேறினார் என்பன எல்லாம் இந்த நாற்பது பக்கங்களுக்குள்ளேயே இருக்கும். அரச சுவடிக்கூடங்களில் தேடினாலும் இவை அகப்படா. அச்சிடப்படுவதோ இருநூறு, முந்நூறு பிரதிகள். இடப்பெயர்வுக்கு மேல் இடப்பெயர்வைக் கண்ட மண்ணில் அவற்றுள் எத்தனை தப்பியிருக்கும்?

முதலாளி அந்தக் கணினிகளை நினைத்துக்கொண்டதற்கும் அப்படியொரு தொலைபேசி அழைப்புத்தான் காரணம். பிரான்சிலிருந்து ஒரு பெண். அவருடைய தகப்பனார் கிளிநொச்சியில் 2004இல் காலமானவர். போர்நிறுத்த காலமாதலால் பாதை திறந்திருந்தது. கல்வெட்டை யாழ்ப்பாணத்தில், இந்த அச்சகத்தில், அடித்திருக்கிறார்கள். வீட்டில் வைத்திருந்த பிரதிகள் 2009இல் எடுத்துச் செல்ல முடியாமற்போன பெட்டியோடு போய்விட்டன. தாயாரும் இப்போது இல்லை. தகப்பனாரின் பாட்டனார் பெயர்கூடத் தன் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியவில்லை என்று அந்தப் பெண் அழுதாராம். அச்சகத்திலும் அதன் பிரதி இல்லை. கறையான் ஒரு பக்கம், மழை வெள்ளம் ஒரு பக்கம்.

இந்தக் கணினிகளுக்கு ஒரு வரலாறு இருந்தது. 2002இல் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர் ஏ9 வீதி திறக்கப்பட்டபோது, கொழும்பிலிருந்து லொறியில் வந்த பாவித்த பென்ரியம் கணினிகள் இவை. அவற்றின் வருகையோடு ஈய எழுத்துகள் பெட்டிகளில் அடங்கின. பேஜ்மேக்கரில் பக்கம் கட்டி, லேசர் அச்சுப்பொறியில் ஒளிபுகு தாளில் எடுத்து, பிளேற் செய்து, ஓப்செற்றில் அடிப்பது வழக்கமாகியது. நான்கு வருடந்தான். 2006 ஓகஸ்டில் பாதை மீண்டும் மூடப்பட்டது. குடாநாட்டுக்குள் பொருட்கள் கப்பலில் வரவேண்டிய நிலை. கணினிக்கு உதிரிப்பாகம் கேட்டு யாரிடம் போவது?

அந்நாட்களில்தான் இரண்டு கணினிகளும் அடிக்கடி தாமாகவே நின்றுபோகத் தொடங்கியிருக்கின்றன. மூடியைத் திறந்து பார்த்தபோது தாய்ப்பலகையிலிருந்த சிறு உருளைகளின் தலை உப்பி, சிலவற்றிலிருந்து மண்ணிறப் பசை வழிந்திருந்ததாம். இது யாழ்ப்பாணத்துக்கு மாத்திரம் வந்த வியாதி அன்று. ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை உற்பத்தியான கணினிகளில் குறைபாடுள்ள மின்தேக்கிகள் பெருமளவில் சேர்ந்திருந்தன. பெரிய பெரிய கம்பனிகளே தங்கள் தாய்ப்பலகைகளை மாற்றிக்கொடுக்க வேண்டியதாயிற்று. எங்கள் முதலாளிக்கு மாற்றிக்கொடுக்க யாரும் இல்லை. அயலில் றேடியோ திருத்தும் ஒருவர் பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளிலிருந்து கழற்றிய மின்தேக்கிகளை ஒட்டிக்கொடுத்திருக்கிறார். அந்த ஒட்டுடனேயே 2009 வரை அவை ஓடின. அந்த மூன்று வருடங்களில் அடித்த கல்வெட்டுகளே தன் வாழ்நாளில் அதிகம் என்றார் முதலாளி. அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"ஒருக்கா சுவிச்சைப் போட்டுப் பாப்பமே?" என்றார்.

வேண்டாம் என்றேன். நான் கொடுத்த ஆலோசனைகளுள் காசுபெறக்கூடியது அது ஒன்றுதான். பதினைந்து வருடம் உறங்கிய இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுத்தால், முதலில் போவது மின்வழங்கியாக இருக்கலாம். அது போகும்போது வன்தட்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். வன்தட்டு சுழலத் தொடங்கினாலும், எத்தனை நிமிடம் சுழலும் என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது. அந்த நிமிடங்களை விண்டோஸ் 98இன் முகத்தைப் பார்ப்பதில் செலவிடலாமா? கணினியை விடுங்கள், வன்தட்டைக் கழற்றுங்கள், யுஎஸ்பி மாற்றியினூடாக இன்னொரு கணினியில் கொழுவுங்கள், எதையும் திறந்து பார்க்குமுன்னர் முழுத்தட்டையும் அப்படியே படியெடுங்கள். இந்த ஒழுங்கு மாறக்கூடாது.

அன்றிரவு முதலாவது வன்தட்டைக் கொழுவினோம். வாசிக்க முடியாத சில இடங்களைத் தாவி, விடியற்காலையில் படியெடுத்து முடிந்தது. முதலாளி தேநீர் ஊற்றினார். எல்லாம் கிடைத்துவிட்டது என்றே இருவரும் நினைத்தோம்.

படியில் நூற்றுக்கணக்கான கோப்புகள் இருந்தன. 2004ஆம் ஆண்டுக்குரியவற்றை முதலில் பிரித்தெடுக்கலாம் என்று திகதியைப் பார்த்தால், பெரும்பாலானவை 2000ஆம் ஆண்டு ஜனவரியைக் காட்டின. அந்த நாளில் இந்தக் கணினி யாழ்ப்பாணத்திலேயே இல்லை. காரணம் சிறியது. தாய்ப்பலகையில் நாணயமளவான ஒரு பற்றரி உண்டு. அது செத்துப்போனால், மின்சாரம் நின்று வரும்போதெல்லாம் கணினியின் நாட்காட்டி தொடக்கத்துக்குப் போய்விடும். நாளுக்குப் பலதடவை மின்சாரம் போன ஊரில், பற்றரி கிடைக்காத காலத்தில், கணினி சொன்ன திகதிகள் எல்லாம் பொய். வருங்கால ஆய்வாளர் எவராவது கோப்பின் திகதியை நம்பிக் கட்டுரை எழுதாமல் இருக்கவேண்டும்.

அடுத்ததாகக் கோப்பொன்றைச் சாதாரணமாகத் திறந்தேன். அதில் தமிழ் இல்லை.

பொறுமையாகச் சொல்கிறேன். அந்தக் கோப்புகள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அதில் 'தமிழ்' என்று எழுத, ஆங்கில விசைப்பலகையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து விசைகளை அழுத்தவேண்டும். கணினி சேமித்துக்கொள்வதும் அந்த ஐந்து ஆங்கிலக் குறிகளையே. பாமினி எழுத்துரு இருந்தால் அவை தமிழ்ச் சட்டை போட்டுக்கொண்டு திரையில் வரும். எழுத்துருவைக் கழற்றினால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவை. இருபத்தைந்து வருடமாக இலங்கையின் அச்சகங்களும் பத்திரிகைகளும் பதிப்பகங்களும் சேமித்து வைத்ததில் பெரும்பகுதி, கணினியின் கண்ணுக்குத் தமிழே அல்ல. நானும் என் இளமையில் எழுதியவற்றை எல்லாம் அப்படித்தான் சேமித்தேன்.

இதற்குப் பாமினியைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. அதன் வேர் மிக ஆழமானது. 1849இல் ஆறுமுக நாவலர் சென்னையிலிருந்து அச்சியந்திரம் கொணர்ந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். அந்நாள் முதல் எங்கள் அச்சுக்கோர்ப்பாளருக்கு எழுத்து என்பது கண்ணால் காணும் வடிவம். 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு அரவு. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து மலாயா சென்ற இரா. முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறியின் தந்தை எனப்படுகிறார். தட்டச்சுப்பொறியும் அந்த ஒழுங்கையே பின்பற்றியது. தாளில் இடமிருந்து வலமாக வடிவங்கள் விழவேண்டும், அவ்வளவே. பாமினியிலும் கொம்புக்கு ஒரு விசை, ககரத்துக்கு ஒரு விசை, அரவுக்கு ஒரு விசை. ஆகையால் தட்டச்சு பழகியவர்கள் கணினியில் உட்கார்ந்த அன்றே வேலை செய்யத் தொடங்கினார்கள். ஈய எழுத்தின் கடைசி வாரிசு பாமினி எனலாம்.

யுனிகோட் அந்த வம்சத்தைச் சேர்ந்ததன்று. அதில் முதலில் ககரம், பிறகு ஒகரக் குறி. நாம் உச்சரிக்கும் ஒழுங்கு. வடிவம் எப்படி விழவேண்டும் என்பது எழுத்துருவின் பொறுப்பு. 1991இல் வெளியான முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் நாங்கள் ஏன் மாறவில்லை என்று இன்றைய இளைஞர்கள் கேட்கிறார்கள். சோம்பல் என்கிறார்கள். அது நியாயமன்று. மைக்ரோசொப்டின் இயங்குதளங்களில் தமிழ் யுனிகோடை முதலில் தாங்கியது விண்டோஸ் 2000. எங்கள் அச்சகங்களில் இருந்ததோ விண்டோஸ் 98. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அதற்குத் தமிழ் யுனிகோட் தெரியாது. அதன் வாரிசான இன்டிசைன் இந்திய மொழிகளை ஒழுங்காகக் கையாளத் தொடங்கியது 2012இன் சிஎஸ்6 பதிப்பிலேதான். கல்வெட்டு முப்பத்தோராம் நாளுக்கு முன் அடித்து முடியவேண்டும். தராதரம் வரும்வரை செத்தவர் காத்திருப்பாரா?

பேஜ்மேக்கர் கோப்புகளை நேரடியாகத் திறந்த கடைசி இன்டிசைனும் அந்த சிஎஸ்6 தான். அதற்குப் பிந்தியவை அவற்றைக் கண்டுகொள்வதில்லை. அதனால்தான் அந்த எக்ஸ்பி கணினியை எறியவேண்டாம் என்றேன். பேஜ்மேக்கர் அதில் ஓடிக்கொண்டிருந்தது. பழைய கோப்புகளை அதற்கு மாற்றி, பாமினியுடன் திறந்து, எழுத்துருவையும் உள்ளடக்கிப் பிடிஎஃப் ஆக்கினோம். கண்ணால் வாசிக்க இது போதும். அந்த எக்ஸ்பி சாகுமுன்னர் அதன் வன்தட்டையும் படியெடுத்து, புதிய கணினிக்குள் மெய்நிகர் கணினியாக ஓடவைக்கவும் ஒழுங்குசெய்துள்ளோம்.

ஆனால் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமானால் யுனிகோடுக்கு மாற்றியே ஆகவேண்டும். இதற்கு நாம் நன்றி சொல்லவேண்டியவர்கள் சிலர் உண்டு. ஜெர்மனியிலிருந்து சுரதா யாழ்வாணன் ஆக்கித்தந்த பொங்குதமிழ் எழுத்துமாற்றி, தமிழ் வலைப்பதிவுகளின் தொடக்க காலத்தில் எங்களில் எத்தனையோ பேருக்குக் கைகொடுத்தது. எனது முதல் வலைப்பதிவுக் கட்டுரையே பாமினியில் அடித்து அதில் மாற்றி இட்டதுதான். அவ்வகை மாற்றிகள் கல்வெட்டின் உரைநடையை நொடியில் தமிழாக்கின. சிக்கல் ஆங்கிலம் கலந்த இடங்களில். இறந்தவரின் பட்டங்கள், பிள்ளைகள் வாழும் நாடுகள், தொலைபேசி இலக்கத்துக்கு முன்னுள்ள குறிகள் யாவற்றையும் பாமினியென்று எண்ணி அவற்றையும் தமிழாக்கிவிட்டன. ஒரு கல்வெட்டில் மருமகனின் பட்டம் முழுவதும் வாய்க்குள் நுழையாத தமிழ்ச் சொல்லாகியிருந்தது.

வம்சாவளி அட்டவணைகள் அதைவிட மோசம். அவை கோடுகளாலும் சிறு சிறு எழுத்துத் துண்டுகளாலும் கட்டப்பட்டவை. மாற்றியில் போட்டதும் பாட்டனும் பேரனும் இடம்மாறிப் போனார்கள்.

இந்த இடத்தில் முதலாளி ஓர் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தார். 2002 முதல் 2009 வரை அந்த அச்சகத்தில் ரைப்செற்றிங் செய்தவர். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார், பேரப்பிள்ளை பார்ப்பதோடு சரி. வந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துருவில்லாத அந்த ஆங்கிலக் கோவையை எங்கள் முன்னால் சரளமாக வாசிக்கத் தொடங்கினார்.

"இது எப்படியக்கா?" என்றேன்.

"நாள் முழுக்க இதைத்தானே தம்பி அடிச்சனான். சில நேரம் ஃபொன்ட் விழாமல் இப்பிடித்தான் வரும். ஆர் திருத்துறது எண்டு நிண்டால் வேலை முடியுமே? அப்பிடியே வாசிச்சுப் பிழை பார்ப்பன்."

மூன்று நாள் அவரும் நானும் இருந்தோம். பிரான்சுப் பெண்ணின் தகப்பனார் பெயரை யுனிகோடில் தேடியபோது அகப்படவில்லை. அக்கா திதி வெண்பாக்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் என்றார். நல்ல யோசனை. கணினியின் நாட்காட்டி பொய் சொன்னாலும் வெண்பா சொல்லாது. 2004 ஆவணி என்றால் தாரண வருடம். வெண்பாவில் தாரண வருடமும் ஆவணி மாதமும் வந்த கல்வெட்டுகளை மட்டும் எடுத்தோம். ஏழு இருந்தன. ஐந்தாவது அவருடையது. பெயரில் ஒரு ரகர றகரப் பிழை, அதனால்தான் தேடலில் அகப்படாமற் போயிருக்கிறது. "நான்தான் விட்டிருப்பன்" என்று அக்கா வருத்தப்பட்டார்.

வம்சாவளியை அவரே கையால் மீண்டும் அடித்தார். பாமினியில்தான். யுனிகோட் விசைப்பலகை அவருக்கு வரவில்லை. மாற்றிக்கொள்வது என் வேலையாயிற்று. ஐந்து தலைமுறை. மேலே முதலாவது பெட்டியில் இருந்த பெயரைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டியபோது, மறுமுனையில் சற்றுநேரம் சத்தமில்லை. பிறகு, "எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கோ அண்ணா, எழுதிறன்" என்றார்.

மீட்டவற்றை எல்லாம் 2005 முதல் இயங்கிவரும் நூலகம் எண்ணிம நூலகத்துக்குக் கொடுக்கலாமே என்று நான் சொன்னதற்கு, முதலாளி உடனே சம்மதிக்கவில்லை. "அச்சடிச்சது நான், ஆனா சனம் அவையின்ரை" என்றார். வம்சாவளியில் உயிரோடிருப்பவர்களின் பெயர்களும் இருக்கின்றன. குடும்பங்களைக் கேட்டுக்கேட்டுத்தான் கொடுக்கவேண்டும் என்பது அவருடைய முடிவு. வேலை நீளும் என்றாலும் அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே படுகிறது. அக்கா வாரத்தில் இரண்டு நாள் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது வன்தட்டைக் கொழுவியதும் 'டக், டக்' என்று சத்தம் வந்தது. உடனே கழற்றிவிட்டேன். அந்தச் சத்தம் வந்த பிறகு எங்களைப் போன்றவர்கள் கைவைக்கக்கூடாது. தூசியில்லா அறையில் திறந்து பார்க்கும் வசதியுள்ள இடத்துக்கே அனுப்பவேண்டும். அதற்குக் கேட்கும் தொகையில் முதலாளி இரண்டு புதிய கணினிகள் வாங்கலாம். 2006 முதல் 2009 வரையான கல்வெட்டுகள் பெரும்பாலும் அதில்தான் இருக்கின்றன. அதைக் கடதாசியில் சுற்றி, பெயர் எழுதி, ஈய எழுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். காசு சேர்க்கிறார்.